கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் முழுக்க இரும்புப் பாலம்

போன இதழ்ல "ஈரோடு காவிரிப் பாலத்துல ரயில் ஏறுன உடனே சத்தம் ஏன் மாறுது"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், இடம் பத்தாம ரெண்டே வரியில முடிச்சிருந்தேன். அது பத்தலன்னு இப்பதான் தெரியுது. ஜாதகம், மூட்டுவலி, மாப்பிள்ளை பிரச்சனை எல்லாத்தயும் ஓரங்கட்டிட்டு இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல பாலம் பத்தின கேள்விதான். சேலம் ஜங்ஷன்ல ஏறி எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆறு குறுக்க வந்துடுது, அதான் போல. சரி, இந்தத் தடவ அதையே எடுத்துக்குவோம், ஜாதகக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

"ஊருக்குத் திரும்ப தன்பாத் எக்ஸ்பிரஸ்ல வந்துட்டு இருந்தோம். ராஜமந்திரிகிட்ட கோதாவரியத் தாண்டுறப்ப பக்கத்துல இன்னொரு பழைய இரும்புப் பாலம் நிக்குது, ஒரு ரயிலும் போகல. எங்க மாமியார், 'இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலே எவ்ளோ வரும், ஏன் சும்மா விட்டு வச்சிருக்காங்க'ன்னு கேக்குறாங்க. ஏன்?" (வாசகி, குகை)

அக்கா, மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பாலத்துக்குப் பேரு ஹேவ்லாக் பாலம். 1897 நவம்பர்ல வேலைய ஆரம்பிச்சு 1900 ஆகஸ்ட்ல ரயிலே விட்டுட்டாங்க, மூணு வருஷம்கூட முழுசா ஆகல. மொத்தம் 56 கண்ணு (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்குற இடைவெளிதான் ஒரு கண்ணு), ஒவ்வொரு கண்ணும் 150 அடி, அதாவது 45.7 மீட்டர், கீழ கல்லுக் கட்டடத் தூணு, மேல ஸ்டீல் கர்டர், அதாவது தூணுக்குத் தூணு போட்ட இரும்பு உத்தரம். இன்னைக்கு நம்ம ஊர்ல ஒரு மேம்பாலத்துக்கு எத்தன வருஷம் பள்ளம் தோண்டிப் போட்டு வைக்கிறாங்கன்னு நினைச்சுப் பாத்தா பெருமூச்சுதான் வருது, அதுவும் அவங்க கட்டுனது கோதாவரியில, மழைக்காலத்துல கடல் மாதிரி விரிஞ்சு ஓடுற ஆறு அது.

ஹேவ்லாக்ங்கறது அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஆர்தர் ஹேவ்லாக். ராஜமந்திரியும் மெட்ராஸ் மாகாணம், சேலமும் மெட்ராஸ் மாகாணம், அதனால ஒரு வகையில நம்ம கவர்னர் பேருல இருக்குற பாலம்தான் அது. கட்டுன தலைமை இன்ஜினியர் வால்டன், இவருதான் அதுக்கு முன்னாடி காசியில கங்கை மேல டஃப்ரின் பாலத்தயும் கட்டுனவரு, 1887ல திறந்தது, இப்ப அதுக்கு மாளவியா பாலம்னு பேரு. காசிக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், மேல ரோடு கீழ ரயிலுன்னு போகும்ல, அதேதான்.

இப்ப ராஜமந்திரியில ரயில் போற பாலம் ரெண்டு. ஒண்ணு 1974ல வந்தது, இதுவும் ட்ரஸ் பாலம்தான், அதாவது சட்டங்கள முக்கோணம் முக்கோணமா கோத்துக் கட்டுன பாலம், மேல ரோடு, கீழ ஒத்த லைன் ரயில், 91.5 மீட்டர்ல 27 கண்ணு, அதோட 45.72 மீட்டர்ல ஏழு கண்ணு, அந்தச் சின்னக் கண்ணுங்கள்ல ஆறு ராஜமந்திரி ஊருப் பக்கம் வளைவுல வருது, ஊருக்குள்ள வீடு வாசல் எல்லாம் இருந்ததால அப்படி வளைச்சுத்தான் கொண்டுபோக முடிஞ்சுது. இன்னொண்ணு 1997ல வந்த கான்கிரீட் பாலம், வில்லு வில்லா 28 வளைவு, ஒவ்வொண்ணும் 97.55 மீட்டர். அந்த கான்கிரீட் பாலம் வந்ததும்தான் ஹேவ்லாக்குக்கு ஓய்வு குடுத்தாங்க. ஆக 1900ல இருந்து 1997 வரைக்கும் ஹவுரா மெயில்ல இருந்து கூட்ஸ் வண்டி வரைக்கும் எல்லாத்தயும் சுமந்திருக்கு. அடுத்த தடவ போறப்ப அடையாளம் ஈஸி: ஜன்னல் ஓரமா இரும்புச் சட்டம் சட்டமா வேகமா பின்னால ஓடுச்சுன்னா நீங்க இருக்குறது 1974 பாலம், பெரிய வெள்ள வில்லு தெரிஞ்சா 1997, யாருமே இல்லாம நிக்குறது பெரியவரு.

ஏன் நிறுத்துனாங்க? இடிஞ்சு விழுற மாதிரி இருந்துச்சுன்னு யாரும் நினைக்க வேண்டாம். இரும்புக்குக் களைப்புன்னு ஒண்ணு இருக்கு, இன்ஜினியருங்க அத ஃபட்டீக்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவ பெரிய பாரம் ஏத்துறதவிட, சுமாரான பாரத்த லட்சக்கணக்கான தடவ ஏத்தி ஏத்தி இறக்குனா தகடுங்கள இணைக்குற ரிவெட் ஆணியோட ஓட்டைய ஒட்டி கண்ணுக்கே தெரியாத விரிசல் வரும், அது மெல்ல மெல்ல வளரும். 1900ல இருந்த இன்ஜின் எடை என்ன, வண்டி எத்தன, இப்ப என்ன. கணக்குப் போட்டுப் பாத்து, இதுக்கு மேல வேணாம்னு கௌரவமா நிறுத்திட்டாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச முடிவு, ஏன்னு கீழ ஏற்காட்டுக்காரருக்குச் சொல்ற பதில்ல புரியும்.

பேரீச்சம்பழக் கணக்குக்கு வர்றேன். ஆத்துக்கு நடுவுல நிக்குற 56 கர்டரயும் சேதாரம் இல்லாம கழட்டி இறக்குறதே தனிச் செலவு. அதோட ராஜமந்திரிக்காரங்களுக்கு அது ஊரோட அடையாளம், கோயில் கோபுரம் தெரியுற மாதிரி கரையில எங்க நின்னாலும் அது தெரியும். 2025ல அகண்ட கோதாவரின்னு ஒரு சுற்றுலாத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டுனாங்க, இந்தப் பாலத்தயும் ஜனங்க வந்து பாக்குற இடமா மாத்துறது அதுல ஒரு பகுதி. நடந்தா மாமியாரயும் கூட்டிட்டுப் போயி அது மேலயே நடக்க விடுங்க.

"ஒன்பதாவது படிக்கிறேன். இரும்புப் பாலம் எல்லாத்துலயும் ஏன் முக்கோணம் முக்கோணமா இருக்கு? சார் கிட்ட கேட்டேன், சிலபஸ்ல இல்லன்னுட்டார்." (அம்மாப்பேட்டை)

தம்பி, சிலபஸ்ல இல்லாததத்தான் கேக்கணும். நாலு ஐஸ் குச்சிய எடுத்து முனைக்கு முனை குண்டூசி குத்தி சதுரமா பண்ணு, ஒரு பக்கமா தள்ளுனா அப்படியே சாஞ்சு படுத்துடும். மூணு குச்சியில முக்கோணம் பண்ணித் தள்ளிப் பாரு, குச்சி ஒடைஞ்சாதான் உண்டு, வடிவம் மாறாது. இவ்ளோதான் ட்ரஸ்ஸோட ரகசியம். சதுரத்துக்குக் குறுக்க ஒரு குச்சி வச்சாலும் ரெண்டு முக்கோணம் ஆயிடும், அதுவும் அசையாது.

இப்ப அதுக்கு மேல ரயில் வந்து நிக்குதுன்னு வை. மேல படுக்க இருக்குற சட்டம் நசுங்கப் பாக்கும், கீழ படுக்க இருக்குற சட்டம் இழுபடும், நடுவுல சாஞ்சு நிக்குற சட்டங்க சிலது நசுங்கும், சிலது இழுபடும். எதுக்கு எவ்ளோன்னு பேப்பர்லயே கணக்குப் போட்டுடலாம், அதனால தேவையான இடத்துல மட்டும் இரும்பப் போட்டு மிச்சத்த வெறும் காத்தா விட்டுடலாம். முழுசா கெட்டி இரும்புல அதே நீளத்துக்குப் பாலம் போட்டா அதோட சொந்த எடையத் தாங்குறதுக்கே பாதி பலம் போயிடும். சாஞ்ச சட்டத்த எப்படி வைக்கிறதுங்கறதுல ஆளுக்கு ஒரு முறை, 1844ல அமெரிக்காவுல பிராட்னு அப்பனும் மகனும் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்குனாங்க, 1848ல இங்கிலாந்துல வாரன்னு ஒருத்தர் இன்னொண்ணு வாங்குனார். எல்லாச் சட்டமும் சாஞ்சு வரிசையா முக்கோணமா மட்டும் போனா அது வாரன், நட்டுக்க நிக்குற சட்டம் நடுநடுவுல வந்து, சாஞ்சது எல்லாம் பாலத்தோட நடுப்பக்கமா கீழ இறங்குனா பிராட். ரெண்டயும் கலந்தடிச்சு ஆயிரம் தினுசு இருக்கு, அத விட்டுடு.

இன்னொரு விஷயம், பெரிய ட்ரஸ் கர்டர நேரா செய்ய மாட்டாங்க, நடுவுல கொஞ்சூண்டு மேல தூக்குன மாதிரி செய்வாங்க, ரயில் ஏறுனதும் அந்தப் பாரத்துல இறங்கி கிட்டத்தட்ட நேரா வரும். குச்சி வேலைய வீட்டுல செஞ்சு பாத்துட்டு போட்டோ அனுப்பு. அம்மாகிட்ட குண்டூசிக்குத் திட்டு வாங்குனா அதுக்கு நான் பொறுப்பில்ல.

"இருபது வருஷமா லாரி ஓட்றேன். பாலத்துல ரயில் ஏறுனா மட்டும் ஏன் அந்தக் கடகட சத்தம்? அதோட பாலத்துல ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல எச்சா ரெண்டு தண்டவாளம் கெடக்குதே, அது எதுக்கு?" (சங்ககிரி)

அண்ணே, சத்தத்துக்குக் காரணம் ஜல்லி. தரையில போறப்ப தண்டவாளத்தத் தாங்குற குறுக்குக் கட்டைக்கு, அதாவது ஸ்லீப்பருக்குக் கீழ கனமா ஜல்லி கெடக்குது, அதிர்ச்சியயும் சத்தத்தயும் அது வாங்கிக்கும். இரும்பு கர்டர் பாலத்துல ஜல்லியே கிடையாது, போட்டா அந்த எடைய வேற பாலம் சுமக்கணும். அதனால ஸ்லீப்பர நேரா கர்டர் மேலயே வச்சு முறுக்கிடுவாங்க, நடுவுல எட்டிப் பாத்தா ஆத்துத் தண்ணியே தெரியும். சக்கரம் தட்டுற தட்டு நேரா இரும்புக்குப் போவுது, இரும்பு பூரா அதிருது, அதான் அந்தச் சத்தம். கான்கிரீட் பாலத்துல தொட்டி மாதிரி கட்டி ஜல்லி கொட்டிடுறாங்க, அங்க அவ்ளோ சத்தம் வராது.

எச்சா தண்டவாளத்துக்குப் பேரு கார்டு ரயிலு. வண்டிச் சக்கரம் ஒருவேள தடம் புரண்டுச்சுன்னாலும் ஓரமா ஓடிப்போயி ஆத்துல விழாம, இந்த கார்டு ரயிலுக்கும் மெயின் ரயிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பாலத்தத் தாண்டுற வரைக்கும் நேராவே இழுத்துட்டுப் போவும். பாலம் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அந்த ரெண்டும் நடுவுல கூர்மையா ஒண்ணு சேர்ற மாதிரி வளைச்சு விட்டிருப்பாங்க, முன்னாடியே புரண்டு வர்ற சக்கரத்தயும் சரியான பக்கம் திருப்பி விடறதுக்கு. காவிரி ஸ்டேஷன் தாண்டுனதும் கதவுகிட்ட நின்னு பாக்குறேன்னு மட்டும் கெளம்பிடாதீங்க, உள்ள உக்காந்தே நம்புங்க.

எடையயும் சொல்லிடறேன், உங்களுக்குப் பிடிக்கும். பத்து வீல் லாரி லோடோட 28 டன் சொச்சம். ஒரு எலக்ட்ரிக் இன்ஜின் மட்டுமே 120 டன்னுக்கு மேல, ஆறு அச்சுல நிக்குது, அதாவது ஒரு அச்சுக்கு 20 டன். அதுக்குப் பின்னால கூட்ஸ் பெட்டி அம்பதுக்கு மேல வருது.

"கஞ்சமலை இரும்புலதான் லண்டன்ல பாலம் கட்டுனாங்கன்னு எங்க தாத்தா சொல்லிட்டே இருப்பாரு. கப்சாவா, உண்மையா?" (இரும்பாலை ரோடு)

தாத்தா ஊர மட்டும் மாத்திச் சொல்லிட்டாரு, விஷயம் காத்துல இருந்து வந்ததில்ல.

ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு ஆளு, கம்பெனி சர்க்கார்ல மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்தவரு. நம்ம பக்கத்து மலையில கெடக்குற காந்தக் கல்லு இரும்பப் பாத்து அசந்துபோயி, வேலைய விட்டுட்டு 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பு உலை போட்டாரு. கல்லு நம்ம சேலம் பக்கத்துல இருந்து, உலை அங்க கடற்கரையில, இரும்பு கப்பல்ல இங்கிலாந்துக்கு. அந்த பரங்கிப்பேட்டை இரும்ப வேல்ஸ்ல மெனாய் ஜலசந்திக்கு மேல ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டுன பிரிட்டானியா ரயில் பாலத்துல பயன்படுத்துனாங்கன்னு பழைய ஆவணங்கள்ல எழுதி வச்சிருக்காங்க. 1850ல திறந்த பாலம். ஆக லண்டன் இல்ல, வேல்ஸ்; ஆத்து மேல இல்ல, கடல் கால்வாய் மேல.

அந்தப் பாலத்தோட கத இன்னும் சுவாரசியம். அது அப்ப ட்ரஸ் கிடையாது, தகட்ட ரிவெட் அடிச்சு செஞ்ச பெரிய இரும்புக் குழாய், ரயில் அந்தக் குழாய்க்குள்ள புகுந்து போவும். 1970 மே மாசம் ஒரு ராத்திரி சில பையனுங்க வௌவால் பாக்குறேன்னு தீப்பந்தத்தோட உள்ள போயி, அது கீழ விழுந்து, மேல இருந்த தார் பூசுன மரக்கூரை பத்திக்கிச்சு, நூத்தி இருபது வருஷத்துப் பாலம் ஒரே ராத்திரியில வளைஞ்சு கெட்டுப்போச்சு. அப்புறம் பழைய கல்லுத் தூண மட்டும் வச்சுக்கிட்டு கீழ ஸ்டீல் ட்ரஸ் வளைவு குடுத்து கட்டுனாங்க, 1972ல ரயில் ஓடுச்சு, 1980ல மேல ரோடும் வந்துச்சு.

ஹீத்துக்கு இதுல பணம் கிடைச்சுதான்னு கேட்டா, இல்ல. உலைக்கு நிலக்கரி இல்ல, மரக்கரிதான், கல்லு எவ்ளோ வேணா கிடைச்சுது, கரிக்கு மரம் வெட்டி மாளல, இங்கிலாந்துல கோக் கரியில மலிவா இரும்பு ஊத்திட்டு இருந்தவனோட போட்டி போட முடியல. அதுக்கப்புறம் அவரு ஷெஃபீல்டு போயி 1839ல மாங்கனீசு சேத்து எஃகு செய்ற முறைக்குக் காப்புரிமை வாங்குனாரு, ஷெஃபீல்டு முதலாளிங்க அத எடுத்துக்கிட்டு நல்லா சம்பாதிச்சாங்க, இவரு கோர்ட்டுக்கு அலைஞ்சே 1851ல செத்துப்போனாரு. இன்னைக்கு கஞ்சமலை அடிவாரத்துலயே இரும்பாலை இருக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுறாங்க, ஆனா அதுக்கு கஞ்சமலைக் கல்லு போறதில்ல. இத உங்க தாத்தாகிட்ட சொன்னா ஒரு நாள் பூரா பேசுவாரு.

"இந்த மாதிரி ட்ரஸ் பாலம் எதாவது இடிஞ்சு விழுந்திருக்கா? ராத்திரி ரயில்ல பாலம் வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடுது." (நாகலூர், ஏற்காடு)

விழுந்திருக்கு. மறைக்க விரும்பல, ஆனா எப்படி விழுந்துச்சுன்னு முழுசாக் கேட்டா உங்க பயம் கொறையும்னு நினைக்கிறேன்.

கனடாவுல செயின்ட் லாரன்ஸ் ஆத்து மேல கியூபெக் பாலம்னு ஒண்ணு, நடுக் கண்ணு மட்டும் 549 மீட்டர், இன்னைக்கு வரைக்கும் கேன்டிலீவர் வகையில, அதாவது ரெண்டு பக்கத் தூணுல இருந்தும் கை நீட்டுற மாதிரி கட்டுற வகையில அதுதான் உலகத்துலயே நீளமான கண்ணு. முதல்ல 1600 அடின்னு கணக்குப் போட்டவங்க, அப்புறம் தூண ஆழமில்லாத இடத்துக்குத் தள்ளலாம்னு 1800 அடியா நீட்டுனாங்க. நீட்டுனா பாலத்தோட சொந்த எடையும் ஏறுமே, அத ஒழுங்காத் திருப்பிக் கணக்குப் போடல. போட்டுப் பாத்தப்ப இரும்பு பாதி மேல ஏறியாச்சு. சரி, கொஞ்சம்தானே அதிகம், தாங்கும்னு தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பர் விட்டுட்டாரு. அவரு இருந்தது நியூயார்க்ல, உடம்பு சரியில்ல, மேல இரும்பு ஏறுறப்ப வந்து நேர்ல பாக்கவே இல்ல.

1907 ஆகஸ்ட் மாசம் கீழ்ச் சட்டத்துல தகடுங்க கொஞ்சம் கொஞ்சமா வளைய ஆரம்பிச்சுது. நசுங்குற சட்டத்துக்கு உள்ள குணம் இது, இழுபடுற சட்டம் மாதிரி நேரா நீளாது, ஒரு பக்கமா பிதுங்கும், பிதுங்க ஆரம்பிச்சா அப்புறம் நிக்காது. ஒரே வாரத்துல முக்கால் அங்குலமா இருந்த பிதுக்கம் ரெண்டு அங்குலத்தத் தாண்டுச்சு. சைட்ல இருந்த இளம் இன்ஜினியர் மெக்ளூர் அளந்து பாத்து பயந்துபோயி, ரயில் ஏறி நியூயார்க்குக்கே நேர்ல போனாரு. கூப்பர் பாத்ததும் ஆபத்தப் புரிஞ்சுக்கிட்டாரு, இனிமே பாரம் ஏத்தாதீங்கன்னு தந்தியும் அடிச்சாரு. ஆனா கியூபெக்குக்கு அடிக்கல, பாலம் செஞ்ச கம்பெனி இருந்த பென்சில்வேனியாவுக்கு அடிச்சாரு. சைட்ல வேலை நடந்துட்டேதான் இருந்துச்சு. ஆகஸ்ட் 29 சாயங்காலம், ஷிஃப்ட் முடியப் போற நேரம், 15 விநாடியில 19,000 டன் இரும்பு ஆத்துல. 75 பேரு செத்தாங்க, அதுல 33 பேரு மான்ட்ரியல் பக்கத்துல இருக்குற காக்னவாகா கிராமத்து மோஹாக் பழங்குடி ஆளுங்க, ஒரே ஊருல அத்தன வீட்டுல எழவு.

திரும்பக் கட்டுனாங்க. 1916ல நடுத்துண்டத் தூக்கி வைக்கிறப்ப அது நழுவி விழுந்து 13 பேரு போனாங்க. 1917லதான் ரயில் ஓடுச்சு, இன்னைக்கும் ஓடுது.

கவனிங்க, ரெண்டு தடவயும் கட்டுறப்ப விழுந்தது, ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஓடுற ரயிலோட இல்ல. முதல் தடவ விழறதுக்கு முன்னாடி பாலம் நாள்கணக்கா சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு, சொன்னது போய்ச் சேர வேண்டிய ஆளுகிட்ட சேரல, அவ்ளோதான். நம்ம ரயில்வேல பாலத்தப் பாக்குறதுக்குன்னே தனி ஆளுங்க இருக்காங்க. எங்க சித்தப்பா அந்தப் பிரிவுலதான் ரிட்டயர் ஆனாரு, அவரு ரிவெட் பாக்குறத சின்ன வயசுல கிட்ட நின்னு பாத்திருக்கேன். கையில சின்ன சுத்தியல், ரிவெட்டோட தலையில ஒரு பக்கம் லேசா தட்டுவாரு, அதே தலையோட எதிர்ப் பக்கத்துல இடது கை விரல வச்சிருப்பாரு, கண்ண மூடிக்குவாரு. கெட்டியா இருந்தா விரலுக்கு ஒண்ணும் தெரியாது, லூசா இருந்தா விரல்ல ஒரு துடிப்பு தெரியும். தெரிஞ்சா பெயின்ட்ல ஒரு வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவாரு. ஒரு கர்டர்ல ஆயிரக்கணக்குல ரிவெட். வெயில்ல அந்த இரும்பத் தொட முடியாது, அதனால விடிகாலையில ஆரம்பிச்சுடுவாங்க.

ரிவெட் ஏன் அவ்ளோ பலம்னா, அத செக்கச் செவேல்னு காய்ச்சி ஓட்டையில விட்டு ரெண்டு பக்கமும் தலை அடிச்சுடுவாங்க, ஆறுறப்ப சுருங்கி ரெண்டு தகட்டயும் இறுக்கிப் பிடிச்சுக்கும். ஹூக்ளி ஆத்து மேல ஜூபிலி பாலம்னு 1887ல கட்டுனாங்க, நட்டு போல்ட்டே இல்லாம பூரா ரிவெட்டுல, 2016 வரைக்கும் ரயில் ஓடுச்சு.

இது போக கர்டர் ரெண்டு முனையிலயும் உக்காந்திருக்குற பேரிங். ஒரு முனை அசையாம கட்டி வச்சிருக்கும், இன்னொரு முனை உருளை மேலயோ வழுக்குத் தகடு மேலயோ நிக்கும், ஏன்னா இரும்பு வெயில்ல நீளும். ஏற்காட்டுக் குளிர்ல இருக்குற உங்களுக்கு இது தெரியாது, கீழ சேலத்து சித்திரை வெயில்ல வந்து நின்னு பாருங்க. 45 மீட்டர் கர்டருக்கு 30 டிகிரி சூடு ஏறுனா ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல நீளும். நீள இடம் குடுக்கலன்னா தூண நெட்டித் தள்ளிடும். அதனால அந்த பேரிங்க மூணு வருஷத்துக்கு ஒருக்கா கர்டரத் தூக்கி கிரீஸ் போடணும்னு ரூல் இருக்கு. சந்தேகம்னா வண்டிய மெதுவா விடுங்கன்னு டிரைவருக்கு காஷன் ஆர்டர் போயிடும். ராத்திரி பாலத்துல ரயில் ஊர்ந்து போச்சுன்னா பயந்துக்க வேண்டாம், யாரோ ஒருத்தர் கவனமா இருக்காருன்னு அர்த்தம், போர்வைய இழுத்துப் போத்திக்குங்க.

"மேட்டூர்ல தண்ணி தொறந்தா ஈரோட்டு ரயில் பாலத்துக்கு ஆபத்தா?" (மேட்டூர்)

மேல பாயுற தண்ணியவிட கீழ தோண்டுற தண்ணிதான் ஆபத்து. வெள்ளம் தூணுல மோதுறப்ப ஒரு பகுதி கீழ பாஞ்சு அடியில மணலச் சுரண்டும், வெள்ளம் வடியுறப்ப திரும்ப மணல் வந்து குழிய மூடிடும், பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். 2018 ஆகஸ்ட்ல மேட்டூர்ல இருந்து ரெண்டு லட்சம் கன அடி கிட்ட வந்துச்சே, அப்ப திருச்சி கொள்ளிடத்துல பழைய இரும்பு ரோட்டுப் பாலத்தோட தூணு சாஞ்சு விழுந்தத டிவியில எல்லாரும் பாத்தோம். 1924 பெருவெள்ளத்துக்கு அப்புறம் கட்டுன பாலம் அது. நல்லவேள, 2016லயே அதுல வண்டிய நிறுத்தி பக்கத்துல புதுப் பாலம் போட்டுட்டாங்க, ஒரு உயிர் போகல.

இதுக்காகத்தான் மணல் ஆத்துல கிணறு அஸ்திவாரம் போடுவாங்க. கரையில கட்டுற உறைகிணறு மாதிரிதான், உள்ள மணல அள்ள அள்ள தன் எடையிலயே கீழ இறங்கும், வெள்ளம் சுரண்டுற ஆழத்துக்கும் கீழ போனதும் அடைச்சு மேல தூண் எழுப்புவாங்க. ரயில் பாலத் தூணுங்கள்ல அபாய மட்டம்னு கோடு போட்டிருப்பாங்க, தண்ணி அதுகிட்ட வந்தா ராப்பகலா காவலுக்கு ஆளு, தாண்டுனா வண்டியவே நிறுத்திடுவாங்க.

ஈரோட்டுப் பாலம் 1862ல மெட்ராஸ்ல இருந்து பேப்பூர் வரைக்கும் லைன் முடிஞ்ச காலத்துல இருந்து அந்த இடத்துல இருக்கு. 1911ல வந்த பிரிட்டிஷ் கலைக்களஞ்சியத்துல ஈரோட்டுக்கு ஒதுக்குன நாலு வரியில ஒரு வரி இந்தப் பாலத்துக்கு, 22 கண்ணு இரும்பு கர்டர் பாலம்னு. மஞ்சளப் பத்தி ஒரு வரி சேத்திருக்கலாம், ஈரோட்டுக்காரங்க சார்பா என் வருத்தம். 2007ல சேலம் கோட்டம் தனியாப் பிரிஞ்சதுல இருந்து அதப் பாத்துக்குறது நம்ம சூரமங்கலம் ஆபீஸ்தான்.

"ஆறு வந்தா ரயில்ல இருந்து காசு போடுறது எங்க குடும்ப வழக்கம். போடலாமா கூடாதா?" (செவ்வாய்பேட்டை)

பக்தியில தலையிடல அம்மா, ஆனா பாலத்துக்குப் பக்கவாட்டுல அங்கங்க சின்னதா ஒரு மேடை துருத்திக்கிட்டு நிக்கும், கவனிச்சிருக்கீங்களா? பாலத்து மேல தண்டவாளத்தப் பாத்துக்கிட்டு நடக்குற கீமேனும் ட்ராலிக்காரங்களும் ரயில் வர்றப்ப ஒதுங்கி நிக்குறதுக்குப் போட்டது. வண்டி ஓடுற வேகத்துல நீங்க வீசுற அஞ்சு ரூபா அங்க நிக்குற ஆளோட மூஞ்சியில பட்டா கண்ணு போயிடும். முக்காவாசி காசு ஆத்துக்குப் போறதும் இல்ல, கர்டர்ல பட்டுத் தெறிச்சு ஸ்லீப்பர் மேலயே கெடக்கும். பவானி கூடுதுறையில இறங்கி படியில நின்னு போடுங்க, காவிரிக்கு நேராவே போய்ச் சேரும். திரும்பி வர்றப்ப ஈரோட்டு மஞ்சள் கால் கிலோ வாங்கிட்டு வாங்க.